ஒரே பாட்டு வேண்டுதல்

உஷாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. உலகத்தில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: உஷா, ராணிப்பேட்டையில் இருந்த அவள் அம்மா, பாட்டைச் சொல்லிக்கொடுத்த கற்பகம் டீச்சர். பெங்களூரில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எல்லோரும் அவளைப் பெரிய பாடகி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு வருஷம்.

கற்பகம் டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சின்ன வயதில் சேர்ந்து சரளி வரிசையில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் மெனக்கெடுவது. இன்னொன்று, கல்யாண வயதில் சேர்ந்து மூன்றே மாதத்தில் முடித்துக்கொள்வது. இரண்டாவது வகைக்கு டீச்சர் வைத்திருந்த பெயர் ‘பொண்ணு பாக்கற பாட்டு’. முருகன் மேல் ஒரு பாட்டு, எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே தலையைக் குனிய வேண்டும் என்பது வரைக்கும் உருப்போட வைத்துவிடுவார். தெருவில் ஆறு பெண்கள் அந்த ஒரே பாட்டைப் பாடிக் கல்யாணம் செய்துகொண்டு போயிருந்தார்கள்.

“இன்னொண்ணு பாடுன்னு கேட்டா என்ன டீச்சர் பண்றது?” என்று உஷா ஒருமுறை கேட்டாள்.

“கேக்க மாட்டாங்க. அதுக்குள்ள பஜ்ஜி வந்துடும். மீறிக் கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள ஓடிடு.”

பெண் பார்க்க வந்த அன்று யாரும் இன்னொன்று கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எத்திராஜ், பஜ்ஜித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெங்களூர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தின வருஷம்தான் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். “எங்க வீட்ல சத்தமே இல்லாம போச்சும்மா. நீ வந்து பாடு, அது போதும்” என்றார். சீர்வரிசைப் பேச்சே எடுக்கவில்லை. உஷாவின் அம்மா அன்றைக்கே மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், “செத்தாலும் வாயத் திறக்காத” என்று காதில் சொன்னாள். இது பாட்டைப் பற்றிச் சொன்னதில்லை, பாட்டு தெரியாததைப் பற்றிச் சொன்னது.

தொண்ணூற்றொன்று தை மாதம் கல்யாணம் முடிந்தது. ராஜாஜிநகரில், ஸ்ரீராமபுரத்தை ஒட்டின தெருவில் எத்திராஜின் வீடு. கீழே இவர்கள், மாடியில் வாடகைக்கு ஆள். கணவன் சந்திரன் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தான். நல்லவன். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன். அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு பெரிய விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் பிற்பாடு உஷாவின் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் பாட்டு. பால்காரர் தன் சம்பந்தியை அழைத்துவந்தாலும் பாட்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவருக்கும் பாட்டு. இன்னொன்று பாடு என்று கேட்டபோது, முதல் நான்கைந்து தடவை வெட்கம், தொண்டைக் கட்டு, அடுப்பில் பால் என்று ஏதோ ஒன்று அவளைக் காப்பாற்றியது. பிறகு வேலூரிலிருந்து எத்திராஜின் அண்ணன் கணேசமூர்த்தி வந்தார். ஓரளவு சங்கீதம் தெரிந்தவர். தொடையில் தாளம் போட்டபடி, “அதெல்லாம் கேட்டாச்சு. ஒரு வர்ணம் எடு, கேப்போம்” என்று சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் பத்துப் பேர். யோசிக்கிறதற்கு முன்னால் உஷாவின் வாய் தானாகப் பேசிவிட்டது.

“இல்ல பெரிய மாமா. எனக்கு வேண்டுதல் இருக்கு. கொழந்த பொறக்கற வரைக்கும் முருகனுக்கு இந்த ஒரு பாட்டுதான் பாடறதுன்னு.”

கணேசமூர்த்தி தாளத்தை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எத்திராஜ் மருமகளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை. உஷாவுக்கு அன்று இரவு நிம்மதியான தூக்கம். மறுநாள் காலையில்தான் தான் எங்கே போய் மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

பக்தியுள்ள வீட்டில் வேண்டுதல் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அப்புறம் அது சொன்னவர் கையில் இருக்காது. மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தாள். கொல்லைப் பக்கம் நின்றிருந்த எத்திராஜ் பதறிப்போனார். “ஸ்வல்ப இரும்மா, கொஞ்சம் இரு! வேண்டுதல்ல இருக்கறவங்க வேற பாட்டு வாயில எடுக்கலாமா?” அன்று சாயங்காலம் கூடத்து ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண் மேல் ஏற்றிவிட்டார். தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை பாட்டு ஓடும்போது உஷா கூடத்துக்கு வந்தால், சந்திரன் எழுந்துபோய் சத்தத்தைக் குறைப்பான். யாரும் அவளை அதட்டவில்லை. அவளுக்காக எல்லோரும் விரதம் இருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் திருப்பிப் பேசியிருக்கலாம். இப்படி மரியாதையாக வாயை அடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ராணிப்பேட்டையில் அவள் நாள் முழுக்க ரேடியோ கேட்டு வளர்ந்தவள். பாடத் தெரியாதே தவிர, பாட்டு இல்லாமல் அவளுக்குப் பாத்திரம்கூட விளக்க வராது. இங்கே வந்து அந்த ஒரு பாட்டைப் பாடிப் பாடி, அதன் முதல் வரியைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

அந்த வருஷம் டிசம்பரில் காவேரிக் கலவரம் வந்தது. தெருவில் தமிழ் எழுத்துப் போட்ட கடைப் பலகைகளை இறக்கிவிட்டார்கள். எத்திராஜ் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, “உஷா, கொஞ்ச நாளைக்குப் பாட்டு வேணாம்மா. தமிழ்ச் சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது” என்றார். ஊரே பயந்துகிடந்த நேரத்தில் உஷாவுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அதற்காக அவளுக்கு அப்போதே வெட்கமாகவும் இருந்தது.

மாடியில் அப்போது சாரதம்மா என்ற கன்னட டீச்சர் குடியிருந்தார். தனியாள். கலவரத்தன்று மதியம் கீழே இறங்கி வந்து, “சார், ஏனு யோசனை பண்ண வேண்டாம், பயப்படாதீங்க. இது கன்னடக்காரங்க வீடுன்னு நான் சொல்லிக்கறேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தன் டேப் ரெக்கார்டரைத் தெருவைப் பார்த்த சன்னலில் வைத்து, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கன்னடப் பாட்டாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கவிஞர்கள் எழுதியதை மெல்லிசையில் பாடுகிற பாவகீதைகள். நாலு நாள் அந்த வீட்டுக்குக் காவல் அந்தப் பாட்டுகள்தான்.

அந்த நாலு நாளும் உஷா சமையலறையை விட்டு வரவில்லை. அது பழைய காலத்துச் சமையலறை. மேலே செங்கல் புகைக்கூண்டு, மாடி அறை வழியாகவே மொட்டைமாடிக்குப் போகும். கேஸ் அடுப்பு வந்தபிறகு அதற்கு வேலையில்லை. மாடி அறையில் அதன் வாயை ஒரு தகரத்தால் மூடியிருந்தார்கள், அதுவும் சரியாக மூடவில்லை. அடுப்புக்கு நேர் மேலிருந்து மேல்வீட்டுப் பாட்டு அப்படியே கொட்டியது. கன்னடம் அவளுக்குப் பாதிதான் புரியும். ஆனால் ஒரு குரல் மழையைப் பற்றிப் பாடுகிறதா, போய்விட்டவரைப் பற்றிப் பாடுகிறதா என்று புரிய மொழி எதற்கு? சினிமாப் பாட்டில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கும். இதில் ஒரு வார்த்தையை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, பிறகு மெதுவாக அடுத்ததற்குப் போனார்கள். மூன்றாம் நாள் குழம்பு அடிப்பிடித்தது. கலவரப் பயத்தில் பெண் நிதானமாக இல்லை என்று எத்திராஜ் சந்திரனிடம் சொன்னார்.

அதன்பிறகு அந்தப் புகைக்கூண்டுதான் அவளுக்கு எல்லாமும் ஆனது. சமையலறையில் அவள் தாமதம் செய்கிறாள் என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒரு தோசைக்குப் பத்து நிமிடமா என்று சந்திரன் கேலி செய்வான். தலையை அண்ணாந்துகொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாள். சத்தம் வெளியே வரக் கூடாது.

தொண்ணூற்று மூன்றில் கிருத்திகை நட்சத்திரத்தில் பெண் பிறந்தது, கிருத்திகா என்று பெயர் வைத்தார்கள். வேண்டுதல் அத்தோடு முடிந்தது என்றுதான் உஷா நினைத்தாள். பயமும்தான், இனி என்ன பொய் சொல்வதோ என்று. ஆனால் அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. எத்திராஜே, “மொட்டை போடற வரைக்கும் இருக்கட்டும்மா” என்றார். மொட்டை போட்டாயிற்று. சந்திரனுக்குப் பிரமோஷன் வரட்டும் என்றார். வந்தது. அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும் என்றார், முடிந்தது. அதற்குமேல் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். “இந்த ஒரு பாட்டாலதான் இந்த வீடு நிக்குது” என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று நாலில் சாரதம்மாவுக்கு ஹாசனுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றும்போது உஷா அழுத அழுகையைப் பார்த்து டீச்சருக்கே ஆச்சரியம். அவ்வளவு பழக்கம் கிடையாதே என்று நினைத்திருப்பார்.

அடுத்த ஆள் பார்க்கும்போது, எத்திராஜ் வழக்கம்போல வேலை என்ன, எத்தனை பேர், தண்ணீரை எப்படிச் செலவழிப்பீர்கள் என்று விசாரித்தார். உஷா காபி கொடுக்கிற சாக்கில் வந்து, “சாமானெல்லாம் நெறைய இருக்குமா? டிவி, டேப் ரெக்கார்டர் அந்த மாதிரி?” என்று கேட்டாள். இல்லை என்ற இரண்டு பேரைக் காபியில் சர்க்கரை குறைத்தே அனுப்பினாள். மூன்றாவதாக வந்த மைக்கேல்ராஜ், “இருக்குங்க, ரெண்டு ஸ்பீக்கர் தனியா இருக்கு. உங்களுக்குத் தொந்தரவுன்னா வேணாம்” என்று தயங்கினார். “இவங்க நல்ல மனுஷங்களாத் தெரியறாங்க மாமா” என்று உஷா உள்ளே போய்ச் சொன்னாள்.

மைக்கேல்ராஜும் பிரிஜெட்டும் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள். அவருக்குப் பீன்யாவில் மெஷின் ஷாப்பில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்கினாரோ இல்லையோ, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு கட்டாயம் போடுவார். கிடாரோடு, மூக்கால் பாடுவதுபோல ஒரு ஆள், ரயிலைப் பற்றியும் சிறையைப் பற்றியும் பாடுவான். இங்கிலீஷில் அவளுக்குப் பிடிபட்ட வார்த்தைகள் அந்த இரண்டும்தான். சிறை என்று வரும்போதெல்லாம் உஷா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

அதைவிடப் பெரிய அதிசயம் பிரிஜெட். சர்ச் பாடகர் குழுவில் இருந்தாள். சனிக்கிழமை மாலைகளில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து பயிற்சி செய்வார்கள். ஒருத்தி ஒரு மெட்டில் பாட, பிரிஜெட் அதே நேரத்தில் கீழே வேறொரு மெட்டில் பாடினாள். முதல் தடவை பிரிஜெட் தப்பாகப் பாடுகிறாள் என்று உஷா பரிதாபப்பட்டாள். பிறகு ஒருநாள் இரண்டும் சேர்ந்து ஒரே வீடுபோல நின்றது காதுக்குப் பிடிபட்டது. ஒரே சமயத்தில் வேறு வேறு பாட்டைப் பாடலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிவைத்தாள்.

அவர்கள் சொந்த வீடு கட்டிக்கொண்டு போன பிறகு, தொண்ணூற்றொன்பதில் அஷ்வின் வந்தான். மென்பொருள் கம்பெனி வேலை, மதுரைப் பையன், தலைமுடியைத் தோள்வரை விட்டிருந்தான். அவன் போட்டதைப் பாட்டு என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். மிக்சியும் டிரில்லிங் மெஷினும் சண்டை போட்டால் எப்படியிருக்கும்? அப்படி. முதல் வாரம் உஷா நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு சமைத்தாள். இரண்டாம் மாதம், அந்தக் கூச்சலுக்கு அடியில் ஒருவன் அடக்கமுடியாத ஆத்திரத்தை ஒழுங்காக எண்ணி எண்ணி அடிக்கிறான் என்று தெரிந்தது. ஆறாம் மாதம் கிடார் எந்த இடத்தில் மேலே ஏறும் என்று காத்துக்கொண்டிருந்தாள். அது ஏறுகிற நேரம் பார்த்து மிளகாய் அரைப்பாள். அம்மிக்கல் பாவம்.

பத்து வயதான கிருத்திகா அம்மாவுக்கு நேர் எதிர். தொண்டை நிறையப் பாடுவாள். பள்ளிக்கூடத்துக் கன்னடப் பாட்டு, டிவி விளம்பரம், பிரிஜெட் ஆன்ட்டி சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த கிறிஸ்துமஸ் பாட்டு, அஷ்வின் அண்ணனின் கூச்சல், எல்லாம் ஒரே மூச்சில். படிக்கட்டில் ஏறும்போதும் பாட்டு, தலை வாரும்போதும் பாட்டு. அம்மா காதில் விழக் கூடாது என்று எத்திராஜ் தாத்தா கையை அசைத்தால், குரலைக் குறைத்துக்கொண்டு தொடர்வாள். அந்தக் குறைத்த குரலை உஷா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள்.

இரண்டாயிரத்து மூன்று, ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த எத்திராஜ் சாதாரணமாகச் சொன்னார்: “உஷா, எனக்கு வயசாயிடுச்சு. இந்தப் பாட்டு நம்ம வீட்டோட நிக்கணும். கிருத்திகாவுக்குச் சொல்லிக்குடு. கோயில்ல அம்மாவும் பொண்ணுமாப் பாடுங்க. அப்படியே அவளுக்கும் காப்புக் கட்டிடலாம். பத்தாவது பாஸ் பண்ற வரைக்கும் இந்த ஒரு பாட்டுதான்னு வேண்டிக்கட்டும். படிப்பு நல்லா வரும். இப்ப பாரு, கண்டதையும் கத்திக்கிட்டுத் திரியறா.”

உஷா தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே நின்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வர்ணத்துக்குப் பயந்து சொன்ன பொய், இப்போது மஞ்சள் கயிறாகத் திரும்பி வந்து தன் பெண்ணின் வாயைக் கட்டப்போகிறது. தனக்கு நடந்ததைப் பொறுத்துக்கொண்டாயிற்று. இதைப் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் சந்திரனிடம் சொன்னாள். “என்னங்க, எனக்கு வேற பாட்டே தெரியாது. வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரிய மாமா கேட்டப்போ பயத்துல சொன்னது.”

சந்திரன் சிரித்தான். “யாருகிட்ட விடற? பாட்டுத் தெரியாதவ எப்படி இவ்வளவு நல்லா பாடுவா?”

“அந்த ஒண்ண மட்டும் பன்னண்டு வருஷம் பாடினா யாரும் நல்லா பாடுவாங்க.”

“கிருத்திகா மேடையில பாடறதுக்குப் பயப்படற. அவ்ளோதான். சும்னே டென்ஷன் ஆவாத” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மதியம் மாமனாரிடமே போனாள். அவர் சாய்வு நாற்காலியில் காப்புக் கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கற்பகம் டீச்சர், மூன்று மாதம், வர்ணம், பொய். எத்திராஜ் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கியிருந்தது.

“முருகன் சோதிக்கறான்மா” என்றார். “பெரிய பெரிய வித்வானுக்கே இந்த மாதிரி வரும். எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் பொய்யின்னு தோணும். அவ்ளோ அடக்கம் உனக்கு.” எழுந்துபோய் பனங்கற்கண்டு ஒரு துண்டு கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். “தொண்டையப் பாத்துக்க. நாளைக்கு மைக்கு உண்டு.”

அந்தக் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உஷா கிணற்றுக்குள் விழுந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லியும் வெளியே வர முடியவில்லை என்றால் அப்புறம் எதைச் சொல்வது?

தெருமுனை முருகன் கோயிலில் காலை பத்து மணிக்கு அபிஷேகம் முடிந்தது. கமிட்டிச் செயலாளர் சுந்தரம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பன்னிரண்டு வருஷமாக ஒரே பாட்டை விரதமாகக் கொண்ட நம் தெருவின் மருமகள்” என்று ஆரம்பித்து நீட்டி முழக்கினார். பட்டுப்பாவாடையில் கிருத்திகா பக்கத்தில் நின்றாள். ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்தும் அவள் அந்தப் பாட்டில் பாதிதான் கற்றிருந்தாள். அதாவது உஷா பாதிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். முன்வரிசையில் எத்திராஜ், கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் கயிறு.

உஷா மைக்கைப் பிடித்தாள். “எனக்கு இந்த ஒரு பாட்டுதான் தெரியும்” என்றாள். “வேண்டுதல்னு நான் சொன்னது பொய்.”

கூட்டத்தில் சிரிப்பும் மெச்சுதலுமாக ஒரு முனகல் எழுந்தது. “என்னா அடக்கம் பாரு” என்றாள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி. எத்திராஜ் தலையாட்டிக்கொண்டார். யாரோ கைகூடத் தட்டினார்கள். உஷாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கல்யாணமான நாளிலிருந்து வராத கோபம். இவர்களுக்கு வார்த்தையில் சொன்னால் ஏறாது. காதில்தான் போட வேண்டும்.

சாரதம்மாவின் மழைப்பாட்டை எடுத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை அவள் மூன்று வருஷம் கேட்டிருந்தாள், டீச்சர் போன பிறகும் நினைத்திருந்தாள், உதட்டை அசைத்திருந்தாள். ஒரு தடவைகூட வாய்விட்டுப் பாடியதில்லை. மனசுக்குள் அது சர்க்கரையாக ஓடும். வாய்வழியாக வந்ததோ உடைந்து வந்தது. இரண்டாம் வரியில் குரல் மேலே ஏறும் இடத்தில் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. அவள் விடவில்லை. அதை அப்படியே போட்டுவிட்டு மைக்கேல்ராஜின் ரயில் பாட்டுக்குத் தாவினாள். வார்த்தை தெரியாததால் னன்னன்னா என்று மூக்கால் பாடினாள். அதிலிருந்து பிரிஜெட்டின் கீழ்க்குரல், மேல்குரல் இல்லாமல் அது மட்டும் தனியாக அநாதைபோல ஒலித்தது. கடைசியில் தொடையில் அறைந்து தாளம் போட்டுக்கொண்டு அஷ்வினின் கூச்சலையும் கூச்சலிட்டாள். சுருதி எந்தப் பக்கம் போயிற்று என்று முருகனுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர். கிருத்திகா முகத்தைப் பாவாடையில் மூடிக்கொண்டு, “அம்மா, போதும்மா” என்று அழ ஆரம்பித்தாள். சுந்தரம் மைக்கின் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் உஷா இரண்டு வரி பாடினாள். நிறுத்தினபோது காது அடைத்திருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் இனி யாரும் அடக்கம் என்று சொல்ல மாட்டார்கள்.

எத்திராஜ் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் புயல் அடிக்கும் என்று உஷா எதிர்பார்த்தாள். அடிக்கவில்லை. சாயங்காலம் எத்திராஜ் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து ரேடியோவை இறக்கினார். தூசு தட்டிக் கூடத்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை. சாப்பாடு வேண்டுமென்றால், “சந்திரா, பசிக்குதுன்னு சொல்லு” என்பார். வருகிறவர்களுக்குக் காபி மட்டும் கிடைத்தது.

“இப்ப நிம்மதியா?” என்று சந்திரன் கேட்டான். அவனும் கொஞ்சம் ஆடித்தான் போயிருந்தான்.

“தெரியல” என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. கிருத்திகா நாலு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் நாள் படிக்கட்டில் கத்திப் பாடிக்கொண்டு ஏறினாள். யாரும் கையை அசைக்கவில்லை. அது ஒன்றுதான் உஷாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அந்த மாதக் கடைசியில் அஷ்வின் ஹெப்பகோடிப் பக்கம், கம்பெனிக்குக் கிட்டே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். மாடி காலியானது. எஃப்எம் வந்திருந்த காலம், ரேடியோவில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். உஷா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள். திருட்டுத்தனமாகக் கேட்டே பழகியவளுக்கு, எதிரில் வைத்துக் கேள் என்றால் காது ஒட்டவில்லை. புகைக்கூண்டில் காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை. சந்திரன் ஆபீசுக்கும் கிருத்திகா பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். கூடத்தில் எத்திராஜ் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். உஷா அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது, சுற்றி எண்ணெய் விட்டாள். இரண்டாவது தோசையைத் திருப்பும்போதுதான் தான் எதையோ பாடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. என்ன என்று காதுகொடுத்துக் கேட்டாள்.

அதே பாட்டு. கற்பகம் டீச்சரின் பாட்டு.

ஆனால் டீச்சர் மூச்சு விடச் சொன்ன இடத்தில் அவள் மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தையில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். நடுவில் ஓரிடத்தில் மெட்டை விட்டுக் கீழே இறங்கி, பக்கத்துத் தெரு வழியாக நடந்து வந்து சேர்ந்துகொண்டாள். தோசைக் கரண்டி தவாவின் ஓரத்தில் எண்ணி எண்ணித் தட்டிக்கொண்டிருந்தது. முருகா என்று அழைக்கிற இடத்தில், அவன் உண்மையிலேயே எங்கேயோ போய்விட்டதுபோல அழைத்தாள். இந்தப் பாட்டு இவ்வளவு நல்ல பாட்டா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

டிவியில் செய்தி நின்றுபோயிருந்தது. அவள் அதைக் கவனிக்கச் சற்று நேரம் பிடித்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் கவனித்தாள்.

“உஷா” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பெயரை அவர் சொல்வது அதுதான் முதல் தடவை. “அந்தப் பாட்டுதானேம்மா அது?”

“அதுதான் மாமா.”

எத்திராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எனக்கும் அந்த ஒண்ண விட்டா வேற பாட்டு தெரியாதும்மா. இன்னொரு தடவ பாடறியா?”

உஷா தோசையைத் தட்டில் போட்டாள். மாவை எடுத்துக் கல்லில் ஊற்றினாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை, பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத ஒரு வார்த்தை அன்றைக்குச் சுலபமாக வந்தது.

“மாட்டேன் மாமா” என்றாள்.

“சரிம்மா” என்றார் எத்திராஜ். டிவியை அவர் மறுபடி போடவில்லை. சாய்வு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.